‘மருத்துவர் கைவிரித்தார்’: தொலைக்காட்சி மருத்துவமனை நாடகங்கள் கடந்து வந்த பாதை

உயர்நிலை 3 கட்டுரைத் தாள்களைத் திருத்தும் நம் எல்லாருக்கும் அந்த மருத்துவமனை நன்றாகத் தெரியும். ‘கண் விழித்துப் பார்த்தேன். நான் மருத்துவமனையில் இருந்தேன்’ என்று கதை முடியும். அல்லது அறுவை அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையும், மருத்துவர் முகமூடியைக் கழற்றுவார், கையை விரிப்பார், அம்மா மயங்கி விழுவார். இதை எழுதும் பிள்ளைகளில் பலர் எந்த அறுவை அறை வாசலிலும் நின்றிருக்க மாட்டார்கள். பிறகு எங்கிருந்து வருகிறது இந்தக் காட்சி? படத்திலிருந்தும் சீரியலிலிருந்தும்தான். வேறெங்கிருந்து?

சென்ற ஆண்டு ஒரு மாணவனிடம் கேட்டேன். “சார், டிவியில அப்படித்தானே காட்டுறாங்க” என்றான். அந்தப் பதிலுக்கு நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. எனக்கும் அதே கோளாறு இருந்தது, அது என் வீட்டில் ஒரு முக்கியமான இரவில் வெளிப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், தொலைக்காட்சி எப்போதிருந்து ‘உண்மையான மருத்துவமனையைக் காட்டுகிறேன்’ என்று சொல்ல ஆரம்பித்தது, அந்த ‘உண்மை’ யாருடைய உண்மை என்பதைப் பார்ப்போம். அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வகை நாடகம் அங்கேதான் உருவம் பெற்றது.

அமெரிக்காவின் என்பிசி ஒளிவழியில் 1954இல் ‘மெடிக்’ என்ற நாடகம் தொடங்கியது. எழுதியவர் ஜேம்ஸ் மோசர். அவருக்கு மருத்துவமனை அரங்கு போட்டு எடுப்பதில் விருப்பமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசல் மருத்துவமனைகளுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். நடிகர்களுக்குப் பக்கத்தில் அசல் மருத்துவர்களும் தாதியரும் நின்றார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். ஆனால் மருத்துவமனைக் கதவு சும்மா திறக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார மருத்துவர் சங்கம் ஒரு நிபந்தனை போட்டது: கதையைப் படமாக்குவதற்கு முன் எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நோயின் அறிகுறி, ஊசி போடும் முறை எல்லாம் சரியா என்று அவர்கள் பார்த்தார்கள். கூடவே மருத்துவரின் மதிப்புக்குப் பங்கம் வருகிறதா என்றும் பார்த்தார்கள். இந்த இரண்டாவது வேலையை ‘உண்மைத்தன்மை’ என்ற கணக்கில் சேர்க்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

1955 முதல் அமெரிக்க மருத்துவச் சங்கமே ஒரு ஆலோசனைக் குழு வைத்து இந்த நாடகங்களின் கதைகளைப் பார்வையிட ஆரம்பித்தது. 1961இல் ‘டாக்டர் கில்டேர்’, ‘பென் கேசி’ என்று இரண்டு நாடகங்கள் ஒரே பருவத்தில் வந்தன. ‘பென் கேசி’யை உருவாக்கியவரும் அதே மோசர்தான். கில்டேர் இளைஞர், அழகர், மூத்த மருத்துவரிடம் பணிவாகப் பாடம் கற்பவர். கேசி முரட்டு ஆள், மூளை அறுவை நிபுணர். இரண்டுமே 1966வரை ஓடின. கருவிகள் அசல், கலைச்சொற்கள் அசல். ஆனால் மருத்துவர் தோற்பது அபூர்வம், பணத்தைப் பற்றிப் பேசுவது அதைவிட அபூர்வம்.

இங்கே ஆசிரியர்களுக்குப் பிடித்தமான ஒரு கிளைக்கதை உண்டு. அதே காலத்தில் ‘மிஸ்டர் நோவாக்’ என்று ஒரு நாடகமும் ஓடியது, ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைப் பற்றியது. 1964இல் இரண்டு நாடகங்களையும் இணைத்து ஒரு கதை தயாரானது: ஒரு மாணவருக்குப் பால்வினை நோய், ஆசிரியர் கவனிக்கிறார், டாக்டர் கில்டேரிடம் சிகிச்சை. பள்ளியும் மருத்துவமனையும் சேர்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம்தானே? என்பிசி அதை ஏற்க மறுத்தது. கதை படமாகவே இல்லை. ஊசி எப்படிப் போடுவது என்பதில் அவ்வளவு அக்கறை. எதற்காக ஊசி என்று மட்டும் சொல்லக் கூடாது.

1969இல் வந்த ‘மார்க்கஸ் வெல்பி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசும் நல்ல குடும்ப மருத்துவர். அந்த வேடத்தில் நடித்த ராபர்ட் யங்குக்கு மருத்துவ ஆலோசனை கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. நடிகருக்கு! என் மாணவன் தனி ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி தொடங்கியது. ஐடிவியில் 1957 பிப்ரவரியில் ‘எமர்ஜென்சி வார்ட் 10’ வந்தது. சில வாரங்களுக்கென்று திட்டமிட்டது பத்து ஆண்டுகள் ஓடியது. தேசிய சுகாதாரச் சேவை 1948இல்தான் தொடங்கியிருந்தது. மக்களுக்கு மருத்துவமனை என்றால் இன்னும் பயம். அந்தப் பயத்தைப் போக்குவதும் நாடகத்தின் வேலையாக இருந்தது. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: ஆண்டுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் சாகக் கூடாது. வாரம் இருமுறை ஒளியேறும் ஒரு மருத்துவமனையில், ஆண்டுக்கு ஐந்து பேர்.

அதே நாடகத்தில் 1964இல் ஜமைக்காவில் பிறந்த நடிகை ஜோன் ஹூலி, லூயிஸ் மாலர் என்ற அறுவை மருத்துவராக நடித்தார். அவரும் வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரும் காதலிப்பதாகக் கதை. அவர்களின் முத்தக் காட்சி அந்நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. பிறகு என்ன ஆனது? கதாபாத்திரத்தை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே பாம்பு கடித்து இறந்துவிட்டார். அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளைத் தாங்கி நின்றவர்களில் எத்தனையோ பேர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த தாதியர், இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்த மருத்துவர்கள். வார்டில் இருந்தவர்களைத் திரையில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. நம் ஊர் வார்டுகளில் மலேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா, மியன்மார் என்று பல நாட்டுத் தாதியரின் குரலைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்தப் பாம்பு கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

மீண்டும் அமெரிக்கா. கொரியப் போரின் கள மருத்துவமனையை வைத்து எடுத்த ‘மேஷ்’ 1972இலிருந்து 1983வரை ஓடியது. மூன்று ஆண்டுப் போருக்குப் பதினோரு பருவங்கள். நகைச்சுவை நாடகம் என்பதால் சிரிப்பொலி சேர்க்க வேண்டும் என்பது ஒளிவழியின் கட்டளை. தயாரிப்பாளர்கள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்கள்: அறுவை அறைக் காட்சிகளில் சிரிப்பொலி கிடையாது. எனக்கு இந்த நாடக வரலாற்றிலேயே மிகப் பிடித்த முடிவு இதுதான். உண்மைத்தன்மைக்கு ரத்தம்கூட வேண்டாம். எங்கே சிரிப்பை நிறுத்துவது என்று தெரிந்தால் போதும்.

1982இல் ‘செயின்ட் எல்ஸ்வேர்’ வந்தபோது மருத்துவமனையே பழுதாகிவிட்டது. பாஸ்டன் நகரில் வசதியில்லாத, மற்ற மருத்துவமனைகள் வேண்டாம் என்று தள்ளும் நோயாளிகள் வந்து சேரும் இடம். தலைப்பே அப்படிப்பட்ட இடத்துக்கான கேலிப்பெயர். இங்கே மருத்துவர்கள் தவறு செய்தார்கள், நோயாளிகள் இறந்தார்கள், ஒரே நேரத்தில் நாலைந்து கதைகள் ஓடின. 1983 டிசம்பரில் எய்ட்ஸ் நோயாளி ஒருவரை மையமாக வைத்து ஒரு பகுதி வந்தது. அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் தயங்கிய காலம் அது. இவ்வளவு நிஜமாகப் போன நாடகம் 1988இல் எப்படி முடிந்தது தெரியுமா? மொத்த மருத்துவமனையும் ஒரு சிறுவனின் கையிலிருந்த பனிக்கோளப் பொம்மைக்குள், அவன் கற்பனையில் இருந்ததாக! ‘அது எல்லாம் கனவு’ என்று கட்டுரையை முடிக்கும் நம் பிள்ளைகள் கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

பிரிட்டனில் இதே திருப்பம் 1986 செப்டம்பரில் ‘கேஷுவல்டி’யோடு வந்தது. ஜெரமி புரோக், பால் அன்வின் என்ற இரண்டு இளைஞர்கள் பிபிசிக்குக் கொடுத்த முன்மொழிவே, தேசிய சுகாதாரச் சேவை என்ற கனவு கந்தலாகிவிட்டது என்ற கோபத்தோடுதான் இருந்தது. நாயகன் மருத்துவர் அல்ல. சார்லி என்ற ஆண் தாதி. பிரிஸ்டல் நகர மருத்துவமனைத் தாதி ஒருவரைப் பார்த்து அமைத்த பாத்திரம், அவரே ஆலோசகராகவும் இருந்தார். சார்லியாக நடித்த டெரெக் தாம்ப்சன் 2024 மார்ச்வரை, ஏறக்குறைய 38 ஆண்டுகள் அந்த வேடத்தில் இருந்தார். படுக்கை இல்லை, ஆள் இல்லை, பணம் இல்லை என்று நாடகம் வாராவாரம் சொன்னது அன்றைய ஆளுங்கட்சிக்குப் பிடிக்கவில்லை. கவனியுங்கள்: 1954இல் ஊசி சரியா என்பதுதான் கேள்வி, 1986இல் ஊசி போட ஆள் இருக்கிறதா என்பது கேள்வி.

அடுத்து நடந்ததுதான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். கதையைச் சரிபார்த்த மருத்துவர்கள் கதையை எழுத ஆரம்பித்தார்கள். பிபிசியின் ‘கார்டியாக் அரெஸ்ட்’ 1994இல் வந்தது. எழுதியவர் ஜெட் மெர்க்கூரியோ, அப்போது இளநிலை மருத்துவர்; வேலை போய்விடக் கூடாதென்று புனைபெயரில் எழுதினார். தூக்கமில்லாத, எரிச்சல்படுகிற, நோயாளிகளைப் பற்றிக் கசப்பாக நகைச்சுவை பேசுகிற மருத்துவர்களைக் காட்டினார்.

அதே 1994, செப்டம்பர் 19, அமெரிக்காவில் ‘இ.ஆர்.’ தொடங்கியது. மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். தன் பயிற்சிக் கால அனுபவத்தை வைத்து 1974இலேயே இதைத் திரைப்படக் கதையாக எழுதியிருந்தார். இருபது ஆண்டுகள் யாரும் எடுக்கவில்லை. ஏன் என்று பார்த்தாலே புரியும்: நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், சிலருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை சொல்வதே இல்லை, மருத்துவர்கள் பேசுவது பாதி புரியவில்லை. ‘எடுப்பு, தொடுப்பு, முடிப்பு’ என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எதுவும் அதில் கிடையாது. கடைசியில் அதுவே பலமானது. மூடிக் கிடந்த ஒரு பழைய மருத்துவமனையில் முதல் பகுதியை எடுத்தார்கள். ஸ்டெடிகேம் கேமராவை உடலில் மாட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து ஓடினார்கள். புரியாத மருத்துவச் சொற்களை விளக்காமல் விட்டார்கள். பார்வையாளர் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை, அவசரத்தைப் புரிந்துகொண்டார். 2009வரை 331 பகுதிகள்.

அதில் 1995 மார்ச்சில் வந்த ஒரு பகுதியை மட்டும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணி ஒருவர் சாதாரணத் தொந்தரவோடு வருகிறார். டாக்டர் கிரீன் சிறுநீர்த் தொற்று என்று மருந்து எழுதி அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் வலிப்போடு திரும்பி வருகிறார். உண்மையில் அது கர்ப்ப கால இரத்த அழுத்தச் சிக்கல். மகப்பேற்று நிபுணர் வந்து சேரவில்லை. ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி அந்த ஓர் அறைக்குள்ளேயே போகிறது. குழந்தை பிழைக்கிறது, தாய் இறக்கிறார். நல்ல மருத்துவர், கெட்ட எண்ணம் இல்லை, ஒரு தவறு. எழுதியவர் லான்ஸ் ஜென்டைல், அவரும் அவசர சிகிச்சை மருத்துவர். அந்தப் பகுதிக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. மருத்துவர் சங்கம் ஒப்புதல் முத்திரை குத்திய காலத்தில் இந்தக் கதை வெளியே வந்திருக்காது.

ஆனால் ‘இ.ஆர்.’ ஒரு பொய்யும் சொன்னது. அது நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாட்டி, அப்பாவின் அம்மா, மருத்துவமனையில் இருந்தார். வயது 86. சிறுநீரகம், இதயம் இரண்டும் தளர்ந்திருந்தன. ஒரு நாள் இரவு பணியிலிருந்த இளம் மருத்துவர், சீனர், எங்களைத் தனியாக அழைத்தார். இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா, வேண்டாமா? அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவும் அத்தையும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் ‘வாத்தியார்’ நான்தானே, மொழிபெயர்க்க வேண்டியதும் நானே.

எனக்குச் சொல் வரவில்லை. ‘இதய இயக்க மீட்புச் சிகிச்சை’ என்று நம் செய்திகளில் வரும். அதை இரவு பதினொரு மணிக்கு, தூங்காத கண்களோடு நிற்கும் அப்பாவிடம் சொல்ல முடியுமா? ‘உயிர்ப்பிக்க வேண்டாம்’ என்றால் கொலை மாதிரி கேட்கிறது. நான் சொன்னது இதுதான்: “பாட்டிக்கு மூச்சு நின்னா, காப்பாத்தணுமா வேணாமான்னு கேக்குறாங்கப்பா.” எந்த மகன் வேண்டாம் என்பான்? “என்னடா கேள்வி இது? எல்லாம் செய்யச் சொல்லு” என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகவே பட்டது. என் மனத்தில் ஓடியது என்ன தெரியுமா? நெஞ்சில் நாலு அழுத்து, ஒரு மின்னதிர்ச்சி, திரையில் நேர்க்கோடு துள்ளி எழும், பாட்டி இருமிக்கொண்டே கண் திறப்பார்.

இந்தக் காட்சியை 1996இலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சூசன் டீம், ஜான் லான்டோஸ், ஜேம்ஸ் டல்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள் ‘இ.ஆர்.’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ ஆகிய மூன்றிலும் சேர்த்து 97 பகுதிகளைப் பார்த்து, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். 60 முறை இதய மீட்பு முயற்சி வருகிறது. 75 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் பிழைக்கிறார்கள். 67 விழுக்காட்டினர் வீடு திரும்புவதாகவே தோன்றுகிறது. திரையில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் இளையோரும். நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் வீடு திரும்பினாலே பெரிது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், ஏற்கெனவே நோயுற்றவர்கள். இன்னொன்று, நேர்க்கோடு ஓடும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதே இல்லை; அது வேலை செய்யாது.

பள்ளியில் முதலுதவிப் பயிற்சிக்குப் போன ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம். பொம்மைக்கே நமக்குக் கை வலிக்கும். 86 வயது நெஞ்செலும்புக்கு என்ன ஆகும்? நானும் அந்தப் பயிற்சியை எடுத்திருந்தேன். ஆனால் அன்றிரவு நினைவுக்கு வந்தது பயிற்சியல்ல, நாடகம்.

எங்களைக் காப்பாற்றியவர் ஜொகூரிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு தமிழ்த் தாதி. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். “அண்ணே, காப்பாத்துறதா வேணாமான்னு டாக்டர் கேக்கல. பாட்டியம்மா போற நேரத்துல நெஞ்ச அழுத்தி, எலும்ப உடைச்சு, குழாய் போடவா, இல்ல நீங்க கையப் புடிச்சுக்கிட்டு இருக்குறீங்களான்னு கேக்குறாங்க. மருந்து, ஆக்சிஜன், வலி மருந்து எதையும் நிறுத்த மாட்டோம்” என்றார். நான் செய்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்பு. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாட்டி மூன்று நாள் கழித்து, அப்பாவும் அத்தையும் பக்கத்தில் இருக்க, விடியற்காலையில் போனார்.

2025 ஜனவரியில் ‘தி பிட்’ வந்தது. ‘இ.ஆர்.’ நாடகத்தில் இளம் மாணவ மருத்துவராக அறிமுகமான நோவா வைலி, இதில் தாடி வைத்த, களைத்துப்போன தலைமை மருத்துவர். பிட்ஸ்பர்க் அவசர சிகிச்சைப் பிரிவு, காலை 7 மணியிலிருந்து ஒரே ஒரு பணிநேரம், ஒரு மணிக்கு ஒரு பகுதி, முதல் பருவம் 15 பகுதிகள். உணர்ச்சியைத் தூண்டும் பின்னணி இசை அநேகமாக இல்லை. காத்திருப்பு அறையில் ஆட்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். பிலிப்பீன்ஸ் தாதியர் இருவர் தங்களுக்குள் தாய்மொழியில் பேசிக்கொள்கிறார்கள். 1964இன் பாம்பை நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு சிறந்த நாடகத்துக்கான எம்மி விருது அதற்குத்தான்.

முதல் சில பகுதிகளிலேயே ஒரு முதியவர் வருகிறார். செயற்கைச் சுவாசக் குழாய் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். மகனும் மகளும் விட மனமில்லாமல் குழாய் போடச் சொல்கிறார்கள், அப்புறம் தவிக்கிறார்கள். கடைசியில் மருத்துவர் அவர்களுக்கு ஹவாய் மக்களின் ஒரு மரபைச் சொல்லிக்கொடுக்கிறார்: விடைபெறும்போது அன்பைச் சொல், நன்றி சொல், மன்னித்துவிடு, மன்னிப்புக் கேள். அந்த இடத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். உண்மையைச் சொன்னால், அந்த நாலையும் நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘நான் உங்களை நேசிக்கிறேன்’ என்று எந்த வீட்டில் பாட்டியிடம் சொல்கிறோம்? அது மொழிமாற்றுப் படத் தமிழ். அப்பா அன்றைக்குச் சொன்னது, “ஆத்தா, நான் இங்கதான் இருக்கேன். நீ தூங்கு.” நாலும் அதில் இருந்ததா இல்லையா என்று தெரியாது.

அந்த உயர்நிலை 3 வகுப்பில் இந்தப் பருவம் ஒன்று செய்தேன். ‘மருத்துவமனை’ என்ற சொல்லைத் தலைப்பாகக் கொடுத்து, மருத்துவர் வரக் கூடாது, யாரும் கண் விழிக்கக் கூடாது, கைவிரிக்கக் கூடாது, நீங்கள் பார்த்ததை மட்டும் 80 சொற்களில் எழுதுங்கள் என்றேன். முனகினார்கள். பலர் சக்கர நாற்காலி, மருந்து வாசனை, நீண்ட வரிசை என்று எழுதினார்கள், பரவாயில்லை. எப்போதும் அறுவை அறைச் சிவப்பு விளக்கை எழுதும் அந்த மாணவன் மட்டும் தாத்தாவை ஏ அண்ட் இ-யில் சேர்த்த இரவை எழுதியிருந்தான். உள்ளே கொண்டுபோன பிறகு தாதி ஒருவர் வெளியே வந்து, தாத்தாவின் செருப்பையும் பல்செட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவன் கையில் கொடுத்தாராம். ‘பையைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காலைவரை மடியிலேயே வைத்திருந்தேன்’ என்று முடித்திருந்தான். ‘பல்செட்’டைச் செயற்கைப் பல் என்று திருத்தலாமா என்று சிவப்புப் பேனாவோடு கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.